வலி மாத்திரையை நிறுத்து, சேகர்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் தங்கை கேட்ட புத்தகத்தை அனுப்பிவிட்டேன். அதை விடு, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மணிக்குச் சிறுநீரகம் பழுதாகி, இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். வாரத்துக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை. போன வாரம் கூடப் போயிருந்தேன். கையிலிருந்து ஒரு குழாயில் ரத்தம் வெளியே போய், வடிகட்டிக்குள் நுழைந்து, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது. அவன் என்னடாவென்றால் நீ ரயிலில் செய்த கூத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறான். குடிக்கிற தண்ணீரை இப்போது பாட்டிலில் அளந்து வைத்துத்தான் குடிக்கிறான், உள்ளே போனால் வெளியேற வழியில்லையே.

அன்றிலிருந்து இதைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் ஒப்பித்தோமே நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டி, ஒரு சிறுநீரகத்துக்கு அது சுமார் 10 லட்சம். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுவது ஏறக்குறைய 180 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 5 லிட்டர்தான், யோசித்துப் பார்! வெளியே போவதோ ஒன்றரை லிட்டர். பரணைச் சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு வேண்டியதை மட்டும் மறுபடி ஏற்றுவோமே, அதே வேலைதான். சர்க்கரை, உப்பு, தண்ணீர் எல்லாம் திரும்ப ரத்தத்துக்குப் போக, யூரியா என்ற கழிவில் ஒரு பகுதியும் மிஞ்சிய நீரும் சிறுநீராகிறது. வெயிலில் தண்ணீர் குறைந்து ரத்தம் கெட்டியானால், மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் வந்து இன்னும் கொஞ்சம் நீரை மீட்கச் சொல்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

உன் செடிகளுக்குச் சிறுநீரகம் கிடையாது. வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இலைத்துளை வழியாக ஆவியாகிவிடுகிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்று ஒன்று சுரந்து அந்தத் துளைகளை மூட வைக்கிறது. விடியற்காலையில் இலை ஓரத்தில் வரிசையாகச் சொட்டு நிற்குமே, அதெல்லாம் பனி என்று நினைக்காதே, பல செடிகளில் அது வேர் மேலே தள்ளிய நீர். கழிவு விஷயத்தில் செடி இன்னும் கெட்டி. இலையை உதிர்க்கும் முன் அதிலிருக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது, கால்சியம் ஆக்சலேட் மாதிரியான வேண்டாத உப்புகள் இலையோடு போய்விடுகின்றன.

இப்போது உன் கதை. முட்டி வலிக்கு நீயாகவே தினமும் போடுகிறாயே டைக்ளோஃபெனாக், அது சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தைச் சுருங்க வைக்கும். உடம்பில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது அடி இன்னும் பலமாக விழும். நீயோ செடிக்கு வாளி வாளியாக ஊற்றுவாய், நீ குடிப்பது ஒரு டம்ளர். இதில் பயமே என்னவென்றால் சிறுநீரகம் முக்கால்வாசி போகும் வரை பெரும்பாலும் வலியே இருக்காது, மணிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதனால் இந்த வாரமே டாக்டரிடம் போ. மாத்திரை விவரத்தை மறைக்காமல் சொல், வலிக்கு வேறு வழி கேள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், இரண்டையும் பார்க்கச் சொல். ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, சாக்குப்போக்கு வேண்டாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மணி வீட்டில்தான் இருப்பான். கூப்பிட்டுப் பேசு.

அன்புடன்,
ரவி