செய்தியோடு நின்றால் சர்வதேச அரசியல் பிடிபடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியல் படிக்க நினைக்கும் மாணவர்களுக்காகத் தங்கள் இதழில் வந்த வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். உலகச் செய்திகளை நாள்தோறும் படியுங்கள், யதார்த்தவாதம், தாராளவாதம் போன்ற கோட்பாடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறது கட்டுரை. இரண்டும் தேவைதான். ஆனால் இந்தப் பாடத்தில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வேறோர் இடத்தில். மூல ஆவணத்தை எடுத்துப் படிக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அதைக் கட்டுரை ஒரு வரியில்கூடத் தொடவில்லை.

ஐ.நா. சாசனத்தில் 111 உறுப்புகளே (சட்டப்பிரிவுகளே) உள்ளன. ஒரே நாளில் படித்துவிடலாம். ஆனாலும், ‘ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளும் ஆதரித்து வாக்களித்தால்தான் பாதுகாப்பு மன்றத்தில் தீர்மானம் நிறைவேறும்’ என்ற வாக்கியம் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வாக்களிப்பு பற்றிய 27ஆவது உறுப்பை மட்டும் படித்தாலும் அப்படித்தான் தோன்றும். நடைமுறை வேறு. நிரந்தர உறுப்பு நாடு ஒன்று வாக்களிக்காமல் விலகி நின்றால் அது வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கும் வாக்கு) ஆகாது. இந்த வழக்கத்தை நமீபியா பற்றிய 1971ஆம் ஆண்டுக் கருத்துரையில் சர்வதேச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. இன்னொன்று: இன்று 15 வாக்குகளில் 9 தேவை. 1965இல் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை மன்றத்தில் 11 பேர்தான், தேவையான வாக்குகள் 7. கொரியப் போர்க் காலத்து (1950-53) தீர்மானங்களை இன்றைய கணக்கில் எடைபோட்டால் வாதம் முழுவதும் தவறிவிடும். ஆகவே சாசனத்தின் வாசகம், அதன் நடைமுறை, அந்தந்தக் காலத்து விதி ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தீர்மானத்தைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வருபவை முகவுரைப் பத்திகள். அவை பின்னணியையும் பழைய தீர்மானங்களையும் நினைவூட்டும். எண்ணிட்ட செயற்பத்திகளில்தான் மன்றம் உண்மையில் என்ன செய்கிறது என்பது இருக்கும். அங்கே வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘முடிவு செய்கிறது’ என்பது ஒன்று, ‘கேட்டுக்கொள்கிறது’ என்பது வேறொன்று, ‘அதிகாரமளிக்கிறது’ என்பது இன்னொன்று. அமைதிக்கு ஆபத்து வரும்போது கட்டாய நடவடிக்கைக்கு இடம்தரும் சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின்கீழ் மன்றம் செயல்படுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்மானத்தோடு நிறுத்தாமல் அந்தக் கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவையும் திறக்க வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் வாக்குக்குச் சொன்ன காரணம் அதில்தான் உள்ளது. ஐ.நா.வின் மின்னூலகத்தில் இவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

லிபியா பற்றிய 1973ஆம் எண் தீர்மானம் நல்ல பயிற்சிக் களம். 2011 மார்ச் 17 அன்று 10 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு இல்லை, 5 நாடுகள் விலகி நின்றன. பிரேசில், சீனா, ஜெர்மனி, இந்தியா, ரஷ்யா. செய்தியில் இந்த ஐந்தும் ஒரே அணியாகத் தெரியும். கூட்டப் பதிவைப் படித்தால் ஐந்தும் ஐந்து குரல்கள். களநிலை பற்றி நம்பகமான தகவல் போதவில்லை என்றது இந்தியா. விமானப் பறப்புத் தடையை எப்படி, எந்த வரம்புக்குள் செயல்படுத்துவார்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றது ரஷ்யா. அரபு லீக், ஆப்பிரிக்க ஒன்றியம் ஆகியவற்றின் நிலைப்பாட்டைச் சுட்டிக்காட்டியது சீனா. ராணுவ நடவடிக்கையின் ஆபத்துகளை எடுத்துச் சொல்லி, தன் படைகள் அதில் பங்கேற்காது என்றது ஜெர்மனி. நான்காவது செயற்பத்தி பொதுமக்களைப் பாதுகாக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளுக்கும் அதிகாரம் தந்தது. அதே பத்தி, அந்நிய ஆக்கிரமிப்புப் படைக்கு இடமில்லை என்றும் சொன்னது. ராணுவ நடவடிக்கை இந்த வரம்பைத் தாண்டி ஆட்சி மாற்றம்வரை போய்விட்டதா என்று பின்னாளில் எழுந்த சச்சரவின் வேர் இந்த ஒரு பத்தியிலேயே இருக்கிறது.

ஆய்வேட்டுத் தலைப்பும் இங்கிருந்தே பிறக்கும். ‘ஐ.நா. தோற்றுவிட்டதா?’ என்ற கேள்வியை ஒரு பட்ட ஆய்வேட்டில் அடக்க முடியாது. எதை வைத்துத் தோல்வி என்பது, எந்த ஆண்டுகளை எடுப்பது என்பதிலேயே பக்கங்கள் தீர்ந்துவிடும். ‘2011 மார்ச்சில் ஜெர்மனி ஏன் விலகி நின்றது?’ என்று கேட்டால் வேலை தொடங்கிவிடும். பத்து நாளில், மார்ச் 27 அன்று, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத் தேர்தல் இருந்தது. வாக்காளர்களை இழக்க அரசு அஞ்சியது என்பது ஒரு விளக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் படையை வெளியே அனுப்புவதில் அந்நாட்டில் வேரூன்றிய தயக்கம் மற்றொன்று. அமெரிக்கா கடைசி நேரத்தில் நிலை மாறியதால் ஜெர்மானிய அரசு தனித்து விடப்பட்டது என்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் உண்மையானால் ஆவணத்தில் எது தென்பட வேண்டும், எது தென்படக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, ஜெர்மானிய நாடாளுமன்ற விவாதப் பதிவுகளையும் அமைச்சர்களின் அறிக்கைகளையும் நாள்வாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். கோட்பாட்டுக்கு உண்மையான வேலை இங்கேதான். முதல் பாதியில் கோட்பாட்டுச் சுருக்கம், பின்பாதியில் சம்பவ விவரம் என்று ஒட்டுப்போட்ட ஆய்வேடுகள் மதிப்பெண் இழப்பது இரண்டுக்கும் நடுவே இந்தச் சோதனை இல்லாததால்தான்.

புள்ளிவிவரத்தைக் கண்டு ஒதுங்குவது அடுத்த சிக்கல். எண்களை எடுத்துக்கொள்பவர்களும் அவற்றின் வரையறையைப் படிப்பதில்லை. உப்சாலா பல்கலைக்கழகத்தின் தரவுத்தளம் ஓர் ஆண்டில் மோதல் தொடர்பான 25 இறப்புகள் இருந்தாலே ஆயுத மோதல் என்று பதியும். போர் என்று பதிய 1,000 வேண்டும். ஆயுதமற்ற மக்களைக் கொல்வதை ‘ஒருதலை வன்முறை’ என்று தனியாக எண்ணும். மோதல் இறப்புகளை மட்டும் வரைபடமாக்கும் மாணவருக்கு 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலை கண்ணில் படாமலே போய்விடும். இது சின்ன விஷயமல்ல. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் ஆயுதப் பரிமாற்ற எண்களும் விற்பனைத் தொகை அல்ல. ராணுவத் திறனை ஒப்பிட அந்நிறுவனமே வகுத்த அலகு அது. அதை டாலர் என்று எழுதி, நாட்டின் வருமானத்தால் வகுத்துப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காலம் கடந்து திறக்கும் ஆவணங்களையும் மறக்கக் கூடாது. சோவியத் ஒன்றியம் கியூபாவில் ஏவுகணைகளை நிறுவியதால் எழுந்த 1962 நெருக்கடியில் அமெரிக்க அதிபர் கென்னடி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்றே நெடுநாள் நம்பப்பட்டது. துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகளை அகற்றுவதாக அக்டோபர் 27 அன்று அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினிடம் ரகசியமாகச் சொன்னது பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளிப்பட்டது. ‘உறுதியாக நின்றால் எதிரி பணிவான்’ என்று அந்த நெருக்கடியிலிருந்து எடுத்த பாடம் அதோடு ஆட்டம் கண்டது. நேற்றைய நெருக்கடி பற்றி இன்று எழுதும் மாணவர் தன் முடிவை எவ்வளவு அடக்கத்தோடு சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு பிற மொழியையும் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். பிரெஞ்சு, ரஷ்யன், அரபு, சீனம், எதுவானாலும் சரி. ஆய்வேட்டுக்குத் தலைப்பு முடிவான பிறகு தொடங்கினால் ஆவணம் படிக்கும் அளவுக்கு வராது.

பல்கலைக்கழகத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பருவத் தேர்வில் ஒரு கேள்வியையாவது மாற்றுங்கள். கோட்பாட்டை விளக்குக என்று கேட்பதற்குப் பதில், ஒரு தீர்மானத்தையும் அதன் கூட்டப் பதிவில் நான்கு பக்கங்களையும் கையில் கொடுத்து, யார் எதை ஏற்றார்கள், எதைத் திறந்தே விட்டார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சர்வதேச அரசியல் கற்பிக்கும் ஒரு வாசகர்