ஆண்டறிக்கை 2025–26: ஒரே கயிற்றில் இரண்டு பெட்டிகள்

குன்னூர் மலை ரயில் ஆர்வலர்களின் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டின் பெரும்பகுதி, பள்ளிகளில் காட்டுவதற்கான இரட்டைப் பெட்டிக் கயிற்று ரயில் மாதிரியிலேயே கழிந்தது. ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு பெட்டிகள் தண்டவாளத்தில் ஒன்று ஏற ஒன்று இறங்கும் ரயில் அது. அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை நம் பாதையில் இருப்பது சுவிஸ் பொறியாளர் ரோமன் அப்ட் வகுத்த பல் தண்டவாளம். அருகருகே இரண்டு பற்பட்டைகள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். அதனால்தான் 12க்கு 1 ஏற்றத்திலும் எஞ்சினின் பல்சக்கரம் பிடியை விடுவதில்லை. இதற்கு முன்பே, 1879இல் சுவிட்சர்லாந்தின் கீஸ்பாக்கில் திறந்த கயிற்று ரயில் பாதைக்கு, இரண்டு பெட்டிகள் நடுவழியில் விலகிப்போகும் இடத்தை அமைத்தவரும் அவரே. நம் மாதிரிக்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

மேலே ஒரு கப்பி, அதன்மேல் ஒரு கயிறு, இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி. பெட்டிகளின் எடை ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மோட்டார் இழுக்க வேண்டியது பயணிகளின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டுமே. மோட்டாரே இல்லாமலும் ஓட்டலாம். மேல்பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது இறங்கி, கீழ்ப்பெட்டியை ஏற்றிவிடும். இங்கிலாந்தின் லின்டன்–லின்மவுத் பாதை 1890 முதல் இன்றுவரை தண்ணீரில்தான் ஓடுகிறது.

மாதிரியின் நீளம் 3 மீட்டர், சரிவு 4க்கு 1, பெட்டிக்கு 2 கிலோ. தண்டவாளம் 10 மி.மீ. சதுரக் கம்பி. ஒவ்வொரு பெட்டிக்கும் வெளிப்பக்கச் சக்கரத்தில் இருபுறமும் விளிம்பு உண்டு. உட்பக்கம் விளிம்பில்லாத 40 மி.மீ. அகல உருளை. விளிம்புச் சக்கரம் வெளித் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்வதால், நடுவில் தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பெட்டி எப்போதும் இடப்புறமே, வலப்பெட்டி வலப்புறமே போகும். தடம் மாற்ற நகரும் தண்டவாளம் (பாயின்ட்) எதுவும் தேவையில்லை. உள் தண்டவாளத்தில் கயிறு கடக்க ஓர் இடைவெளி வேண்டும். முதலில் 20 மி.மீ. விட்டதில் உருளை குலுங்கி இறங்கியது, 12 மி.மீ. ஆக்கியதும் சரியாயிற்று.

வளைவில் கயிறு நேர்கோட்டுக்கு வரப் பார்க்கும். நிமிர்த்தி வைத்த கப்பிகளிலிருந்து அது நழுவிக்கொண்டே இருந்தது. வளைவின் உட்பக்கம் கயிறு இழுக்கும் திசைக்கு ஏற்பச் சாய்த்து வைத்தபின் நின்றது. நைலான் கயிறு நீண்டுபோனது இன்னொரு தொல்லை. 4 செ.மீ. நீண்டால், கீழ்ப்பெட்டி முட்டுக்கட்டையைத் தொடும்போது மேல்பெட்டி நடைமேடைக்கு 4 செ.மீ. கீழேயே நின்றுவிடும், சந்திக்கும் இடமும் 2 செ.மீ. இறங்கும். 2 மி.மீ. எஃகுக் கம்பிக் கயிற்றுக்கு மாறினோம். தண்ணீர் ஒரு லிட்டருக்குக் குறைந்தால் பெட்டி அசையவில்லை. இந்தச் சரிவில் ஒரு லிட்டர் தரும் இழுப்பு கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதற்கும் குறைந்தால் உராய்வை வெல்லப் போதாது.

2025 செப்டம்பர் 3 அன்று போர்ச்சுகலில் லிஸ்பனின் குளோரியா கயிற்று ரயில் பாதையில், இரண்டு பெட்டிகளை இணைத்த கயிறு பெட்டியோடு சேரும் இடத்தில் விட்டுப்போனது. 16 பேர் இறந்தார்கள். கயிறு விட்டுப்போன இடம் கழற்றாமல் பார்க்க முடியாத இடம். அன்று காலைச் சோதனையில் கண்ணுக்குப் படவில்லை. பிரேக் போட்டும் பெட்டி நிற்கவில்லை, ஏனென்றால் எதிர்ப்பெட்டியின் எடை போனபின் அந்தப் பிரேக் போதவில்லை. அக்டோபர் கூட்டம் முழுக்க இதைத்தான் பேசினோம். சமநிலையைப் பிரேக்காக எண்ணிவிடக் கூடாது என்பதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்று அன்று முடிவாயிற்று.

ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் தண்டவாளத்தைக் கவ்வும் இடுக்கி ஒன்று பொருத்தினோம். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை அது திறந்திருக்கும். தளர்ந்தால் ஸ்பிரிங் மூடிவிடும். முதல் சோதனையில் கயிற்றை விடுவித்ததும் பெட்டி அடிவரை ஓடியது. துருப்பிடிக்காமலிருக்கத் தண்டவாளத்தில் பூசிய எண்ணெய்தான் காரணம். மண்ணெண்ணெயால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, உலரவிட்டபின் பெட்டி அரை அடிக்குள் நின்றது. இனி எண்ணெய் சக்கர அச்சுக்கு மட்டுமே, தண்டவாளத்துக்கு இல்லை. ஈரமான நாளில் சோதனை இன்னும் பாக்கி. நம் ஊர் மழையில் அதைச் செய்யாமல் பள்ளிக்கு எடுத்துச் செல்ல நான் ஒப்பமாட்டேன்.

ஜூனுக்குள் அந்தச் சோதனையை முடிக்க வேண்டும். கடைசல் வேலைக்குக் கை கொடுக்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தரவும்.

செயலாளர்