நியூயார்க் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலை எண்ணிப் பார்த்தேன். 31 இடம். போவது ஆபீஸ் வேலையாக. கையில் இருப்பது நான்கு விடுமுறை நாளும் சில சாயங்காலங்களும்தான். 34 வருஷம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதியவன் நான், எத்தனை நிறுத்தம் எவ்வளவு நேரத்தில் முடியும் என்று பார்த்தாலே சொல்லிவிடுவேன். இதில் பாதியை அடித்துவிடு.

2019-இல் உன் அண்ணன் ஜெர்சி சிட்டியில் இருந்தபோது மூன்று மாதம் அங்கே இருந்தேனே. அவன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். நான் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு அடியில் போகிற ரயிலைப் பிடித்து நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டன் போய்விடுவேன். இப்போது அவனும் டல்லாஸ் போய்விட்டான், உன்னைக் கூட்டிப்போக ஆளில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். நான் போனபோது உன் அம்மா துணிக்கு நடுவில் ஒரு கட்டு வைத்துவிட்டாள். விமான நிலையத்து அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கிற ஒரு பூச்சி அந்த இலையில் வருமாம், அதனால் தடை. சாப்பிடுகிற பொருள் எது கொண்டுபோனாலும் கேட்கும்போது இருக்கிறது என்று சொல்லிவிடு. மறைத்தால்தான் அபராதம்.

ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் வெளியே வந்ததும் "டாக்ஸி வேண்டுமா மேடம்" என்று காதோடு வந்து கேட்பார்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்களை மொய்க்கிற மாதிரியேதான். திரும்பிக்கூடப் பார்க்காதே. வரிசையில் நிற்கிற மஞ்சள் டாக்ஸிக்கு மன்ஹாட்டனுக்கு ஒரே கட்டணம், 70 டாலர். சுங்கம், கூடுதல் கட்டணம், டிப்ஸ் எல்லாம் அதற்கு மேலே. பெரிய பெட்டி இல்லை என்றால் ஏர்டிரெய்ன் என்கிற விமான நிலையத்து ரயிலில் ஜமைக்கா நிலையம் வரை வந்து, அங்கே 'ஈ' ரயிலைப் பிடி. உன் ஹோட்டல் மேற்கு 39-ஆம் தெரு என்றாய். 42-ஆம் தெரு போர்ட் அத்தாரிட்டி நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

இனி தெருக் கணக்கு. நம் மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதப் பெயரை வைத்தே கோயிலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வோம் இல்லையா? மன்ஹாட்டனில் அதே வேலையை எண்கள் செய்கின்றன. 1811-இல் போட்ட திட்டம். தெருக்கள் குறுக்கே போகும், அவென்யூக்கள் நெடுக்கே போகும். வடக்கே போகப் போக தெரு எண் ஏறும். 20 தெரு கடந்தால் ஒரு மைல். ஐந்தாவது அவென்யூவுக்கு ஒரு பக்கம் கிழக்கு, மறுபக்கம் மேற்கு. 42, 34 மாதிரி இருவழிப் பெரிய தெருக்களை விட்டுவிட்டால், இரட்டைப்படைத் தெருவில் வண்டிகள் பெரும்பாலும் கிழக்கே போகும், ஒற்றைப்படையில் மேற்கே போகும். போனில் சார்ஜ் போனால்கூட ஓடுகிற காரைப் பார்த்துத் திசை கண்டுபிடித்துவிடலாம். பிராட்வே மட்டும் யார் பேச்சும் கேட்காமல் கோணலாகப் போகும், அதை நம்பி நடக்காதே. ஹௌஸ்டன் தெருவுக்குத் தெற்கே இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

தெருவைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார். 60 வருஷப் பழக்கத்தில் நான் வலது பக்கம் பார்த்துக் காலை வைத்து, ஒரு சைக்கிள்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அப்புறம் சப்வே, அதாவது அந்த ஊர்ப் பாதாள ரயில். 1904-இல் ஓட ஆரம்பித்தது, 472 நிலையம், ராத்திரி பகல் என்று நிறுத்துவதே இல்லை. எனக்குப் பிடித்த இடமே அதுதான். நான் போனபோது மஞ்சள் நிறத்தில் மெட்ரோகார்டு தேய்ப்போம். 2025 முடிவோடு அந்த விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இப்போது உன் வங்கி அட்டையையே கதவில் காட்டினால் திறக்கும், ஒரு தடவைக்கு 3 டாலர். கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் காட்டிப் பணம் கட்டுவது, இரண்டையும் திறந்துவிடு. நம் அட்டைகளில் அவை மூடித்தான் இருக்கும். ஏழு நாளில் 35 டாலர் ஆகிவிட்டால் அந்த வாரம் மீதிப் பயணம் எல்லாம் இலவசம். ஆனால் ஒரு நாள் அட்டை, ஒரு நாள் போன் என்று மாற்றிக் காட்டினால் அது இரண்டு ஆள் கணக்காகிவிடும். ஒன்றையே காட்டு. ரயில் நிலையக் கதவில் காட்டிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பஸ் ஏறினால் அதற்குத் தனிக் காசு இல்லை. நம் ஊரில் இப்படி ஒரு டிக்கெட் இருந்திருந்தால் எனக்குப் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

படி இறங்கும்போது 'அப்டவுன்' (வடக்கே), 'டவுன்டவுன்' (தெற்கே) பலகையைப் பார். சில நிலையங்களில் ஒவ்வொரு திசைக்கும் தனி வாசல். தப்பான வாசலில் போனால் மேலே ஏறி, தெருவைக் கடந்து, மறுபடி காசு கட்ட வேண்டும்.

எக்ஸ்பிரஸ், லோக்கல் வித்தியாசத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள். நம் பாயிண்ட் டு பாயிண்ட்டும் சாதா வண்டியும் மாதிரிதான். இத்தனை வருஷம் ஊருக்கே அதைச் சொல்லிக் கொடுத்தவன், அங்கே போய் நானே ஏமாந்தேன். 81-ஆம் தெருவில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பார்க்க 59-ஆம் தெருவில் 'ஏ' வண்டியில் ஏறினேன். அது ஏழு நிலையத்தை விழுங்கிவிட்டு நேரே 125-ஆம் தெருவில் போய் நின்றது. ஹார்லெம். திருதிருவென்று நின்றவனிடம் ஒரு வயதான அம்மா வந்து எங்கே போகணும் என்று கேட்டு, எதிர்ப்பக்கம் வரை கூடவே நடந்து வந்து, "சி வண்டி, ஏ இல்லை" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், நின்று பேச மாட்டார்கள், ஆனால் வழி கேட்டால் சொல்லாமல் போக மாட்டார்கள். பயப்படாமல் கேள். கேட்கும்போது நடைபாதை நடுவில் மட்டும் நிற்காதே, ஓரமாக ஒதுங்கி நில்.

கூட்டமான ரயிலில் ஒரே ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் ஆசைப்பட்டு ஏறாதே. ஏசி போயிருக்கும், இல்லை நாற்றம் தாங்காது. சனி, ஞாயிறில் பாதை மாற்றி ஓட்டுவார்கள், நிலையத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு ஏறு.

சுதந்திர தேவி சிலைக்கு என்று நீ குறித்து வைத்திருக்கும் டிக்கெட்டைப் பற்றி யோசி. தீவில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கு. படகு கிளம்புகிற பேட்டரி பூங்கா வாசலில் சட்டையில் பட்டை மாட்டிக்கொண்டு டிக்கெட் விற்பவர்களிடம் வாங்காதே. என்னைக் கேட்டால் ஸ்டேட்டன் தீவு படகு போதும். காசே கிடையாது, 25 நிமிடம், போகும்போது வலது பக்கம் நின்றால் சிலை நன்றாகத் தெரியும். அக்கரையில் எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும். உடனே திரும்பி ஓடி வராமல் டாம்கின்ஸ்வில் பக்கம் நட. இலங்கைக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள், கொத்து ரொட்டி கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு இருட்டுகிற நேரத்துப் படகில் திரும்பினால் மன்ஹாட்டன் விளக்குகள் எதிரே எழும்பி வரும். நான் மூன்று தடவை போனேன்.

புரூக்ளின் பாலத்தில் ஒரு பக்கம் நடந்தால் போதும். ரயிலில் புரூக்ளின் போய்விட்டு மன்ஹாட்டனைப் பார்த்து நடந்து வா. டைம்ஸ் சதுக்கத்தை ஒரு ராத்திரி பத்து நிமிடம் பார்த்தால் தீர்ந்தது. பொம்மை வேஷம் போட்டவர்கள் வந்து தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு காசு கேட்பார்கள். சென்ட்ரல் பூங்காவுக்கு ஒரு முழுக் காலை ஒதுக்கு. வழி தவறினால் விளக்குக் கம்பத்தில் இருக்கும் சின்ன எண்ணைப் பார். 7803 என்று இருந்தால் 78-ஆம் தெரு உயரத்தில் இருக்கிறாய். கடைசி இலக்கம் ஒற்றைப்படை, அதனால் மேற்குப் பக்கம். இதை எனக்குச் சொன்னவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு குஜராத்திப் பெரியவர்.

கடையில் ஒட்டியிருக்கும் விலை வேறு, கட்டுகிற விலை வேறு. 8.875 சதவீதம் வரி மேலே ஏறும். 110 டாலருக்குக் குறைந்த துணி, செருப்புக்கு மட்டும் அது இல்லை. ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் டிப்ஸ் வைத்தே ஆகவேண்டும். பில்லில் இருக்கும் வரியை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 18 சதவீதம் வந்துவிடும், அதை வை. பில்லிலேயே சேர்த்துப் போட்டிருந்தால் மறுபடி வைக்காதே. தண்ணீருக்குக் காசு கொடுக்காதே, குழாய்த் தண்ணீர் கேட்ஸ்கில், டெலவேர் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது, ருசியாகவே இருக்கும். ஆனால் குடித்தால் போக இடம் வேண்டுமே! சப்வேயில் கழிப்பறை தேடி அலையாதே. 42-ஆம் தெருவில் பிரையன்ட் பூங்காக் கழிப்பறையில் பூச்சாடி வைத்திருப்பார்கள். சர்க்கரை வியாதிக்காரன் சொல்கிறேன், அது உன் ஹோட்டலுக்கும் பக்கம்.

நாக்கு செத்துப்போனால் 7-ஆம் எண் ரயிலில் கடைசி நிலையம் ஃப்ளஷிங் போய், பௌன் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நட. அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1977-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில். கீழ்த்தளத்தில் கேண்டீன், தோசை நன்றாகவே போடுகிறார்கள். ரயில் குயின்ஸ் பகுதிக்குள் நுழைந்த பிறகு மேலே ஏறி வீடுகளின் மொட்டைமாடியை ஒட்டிக்கொண்டு போகும், ஜன்னலோரம் உட்கார்.

அக்டோபர் என்பதால் பகலில் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் ஆற்றங்காற்று எலும்பில் இறங்கும். ஒரு நல்ல ஜாக்கெட் போதும். ராத்திரி 10 மணிக்கு அங்கே கூப்பிட்டால் இங்கே காலை 7.30, அம்மா காபி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்குச் சட்டை, சாக்லேட் எதுவும் வேண்டாம். சப்வே வரைபடம் ஒன்று வேண்டும். நிலையத்தில் இருக்கும் ஊழியரிடம் காகித வரைபடம் என்று கேள், எனக்குக் காசில்லாமல்தான் கொடுத்தார்கள். நான் கொண்டுவந்தது மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது. 2025-இல் புதிதாக வரைந்திருக்கிறார்களாம், கோடெல்லாம் நேர் நேராக. அந்தப் புதியது. மடிக்காமல் சுருட்டிக் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா