அப்பாவின் மறைவுக்குப் பின்னும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி நிவாரணச் சிகிச்சை) சிஸ்டர் அவர்களுக்கும், ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா சகோதரிக்கும், குடும்ப சுகாதார மையத்து மருத்துவருக்கும், கோயம்புத்தூரில் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும் அங்குள்ள சமூகப் பணியாளருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் என் தம்பியின் வீட்டைத் தேடி வந்த சுகாதாரத் தன்னார்வலருக்கும் எங்கள் குடும்பத்தார் அனைவரின் வணக்கம்.

நுரையீரல் புற்றுநோயால் அவதிப்பட்ட எங்கள் அப்பா சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வீட்டிலேயே காலமானார். அவருடைய முதல் திதி முடிந்த இவ்வேளையில் இம்மடலை எழுதுகிறோம். நோயின்போது நீங்கள் செய்த உதவிகளுக்கு அப்பாவே தம் வாயால் நன்றி சொல்லிவிட்டார். அவர் போன பிறகு எங்களுக்கு நீங்கள் செய்தவற்றைப் பற்றி யாரும் எங்கும் எழுதுவதில்லை. அவற்றை ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கை கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இருபுறமும் கிடப்பது என்பதை இங்குள்ளோர் அறிவர். அப்பாவின் கீமோ சிகிச்சை கோயம்புத்தூரில் நடந்தது. வலிக்கு மார்பின் மாத்திரை கேரள அரசு மருத்துவமனையிலிருந்து வந்தது. புண்ணுக்குக் கட்டுப் போடவும் மூச்சுத் திணறலைப் பார்க்கவும் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் ஜீப் வந்தது. அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் குடும்ப சுகாதார மையத்தில் கிடைத்தன. தம்பியோ பொள்ளாச்சிப் பக்கம் குடியிருக்கிறான். இத்தனை இடத்துக்கும் தனித்தனிச் சீட்டு, தனித்தனிப் பதிவேடு. ஒருவர் உயிரோடு இருக்கும்வரை, ஓரிடத்துக் காகிதத்தை இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வீட்டில் ஆள் இருப்பார்கள். அவர் இறந்த மறுநாள் அந்த வேலையைச் செய்ய எவருக்கும் தெம்பு இருப்பதில்லை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

கருமாதி முடிவதற்குள்ளேயே, அப்பாவை அடுத்த பரிசோதனைக்கு அழைத்து வரும்படி மருத்துவமனை ஒன்றிலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது; பிறகு அங்கிருந்து ஒரு பெண் அழைத்து, நோயாளி ஏன் வரவில்லை என்று கேட்டார். அந்த அழைப்பை எடுத்தது அம்மா. அவர் பதில் சொல்ல முடியாமல் கைபேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அழைத்த பெண்ணின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் இருந்த கணினியில் அப்பா இன்னும் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான். ஆனால் இறந்தவரின் மனைவியே ஒவ்வொரு இடத்துக்கும் அந்தச் சாவைத் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும் என்ற நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

இதைக் கேள்விப்பட்ட சிஸ்டர் அன்று மாலையே எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அப்பாவின் வீட்டுப் பராமரிப்புக் குறிப்பேட்டை விரித்து, எங்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அப்பாவின் பெயர் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தாமே தொலைபேசியில் பேசினார். மீதியிருந்த மார்பின் மாத்திரைகளைத் தம்பியின் கண்ணெதிரில் எண்ணி, பதிவேட்டில் குறித்து, கையொப்பம் வாங்கினார். கட்டிலையும் தண்ணீர்ப் படுக்கையையும் எப்போது எடுக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டார். கருமாதி வரைக்கும் அது அங்கேயே கிடக்கட்டும் என்று அம்மா சொன்னபோது, வேறொரு வீட்டில் அதன் தேவை இருந்தும், அவர் தலையசைத்துவிட்டு அந்த வீட்டுக்கு வேறு ஏற்பாடு செய்தார்.

பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. "ஏன் கண்ணு, அவருக்கு எல்லாம் முடிஞ்சுதே, இனி நீயெதுக்கு வெயில்ல அலையறே?" என்று அம்மா ஒரு முறை கேட்டார். "இந்த நோட்டுல அப்பா பேருக்குக் கீழே உங்க பேரும் இருக்குதுங்க அம்மா" என்று சிஸ்டர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரும் வயதும் அவருடைய நோய்களும் முதல் நாளே எழுதப்பட்டிருந்தன. நோயாளியின் துயரத்தோடு குடும்பத்தாரின் துயரத்தையும், இறப்புக்குப் பின்னும் அவர்களுக்கு வேண்டிய துணையையும் சேர்த்ததே வலி நிவாரணச் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வரையறை ஒரு பக்கத்தில் எழுதிய பெயராக இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக நாங்கள் கடமைப்பட்டிருப்பது ஒரு தொலைபேசி அழைப்புக்காக. அப்பா இறப்பதற்கு முந்தைய மாலை அம்மா அவருக்கு இரண்டு கரண்டி கஞ்சி ஊட்டினார். இரவில் அப்பாவின் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டது. விடிவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. தாம் ஊட்டிய கஞ்சி புரையேறித்தான் அவர் போய்விட்டார் என்ற எண்ணம் அம்மாவின் மனத்தில் உறைந்துபோனது. பிள்ளைகளான எங்களிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் கஞ்சியைக் கண்டதும் எழுந்து போவதை நாங்கள் துக்கம் என்று நினைத்தோம். ஒரு மதியம் சிஸ்டரிடம் மட்டும் அழுதுகொண்டே கேட்டார்: "நானே கொன்னுட்டனா?"

சிஸ்டர் தாமே ஆறுதல் சொல்லியிருக்கலாம், சொல்லவும் செய்தார். ஆனால் அப்பாவின் நுரையீரல் எந்த நிலையில் இருந்தது என்பதை ஸ்கேன் படத்தில் பார்த்தவர் சொன்னால்தான் அம்மாவின் மனம் ஏற்கும் என்று உணர்ந்து, கோவையிலுள்ள சமூகப் பணியாளரைப் பிடித்து, அவர் வழியாக அந்த மருத்துவரைத் தொடர்புகொண்டார். மருத்துவர் தம் புறநோயாளிப் பிரிவு முடிந்த நேரத்தில் அம்மாவை அழைத்துப் பேசினார். கடைசி நாள்களில் உடம்பு சாப்பாட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும், தொண்டையில் சுரக்கும் சளியைச் செருமித் துப்பவோ விழுங்கவோ வலுவில்லாதபோது மூச்சுக்காற்று அதன் வழியே போய்வரும் சத்தம்தான் அது என்பதையும், சாகும் தறுவாயில் பலருக்கும் அப்படிக் கேட்கும் என்பதையும், கஞ்சி ஊட்டாமல் இருந்திருந்தாலும் அந்த இரவு அப்படித்தான் கழிந்திருக்கும் என்பதையும் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா மூன்று தடவை அதே கேள்வியைக் கேட்டார். மூன்று தடவையும் அவர் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார். அன்றிரவு அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

அம்மாவின் கேள்வி கேரளத்து நர்ஸ் ஒருவரிடம் இருந்தது; அதற்கான பதில் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரிடம் இருந்தது. இருவரையும் இணைக்கும் கடமை எந்த விதிமுறையிலும் எவருக்கும் எழுதித் தரப்படவில்லை. அதைத் தம் கடமையாக எடுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இந்த மடலில் நாங்கள் சொல்ல விரும்புவதன் சாரம் இதுதான்.

துக்கத்தில் அம்மா தம் மாத்திரைகளை நிறுத்தியிருந்ததைக் கண்டுபிடித்தவர் ஆஷா சகோதரி. பிரிக்கப்படாத அட்டைகளைப் பார்த்துவிட்டுக் குடும்ப சுகாதார மையத்துக்கு அன்றே தகவல் சொன்னார். 2017-இல் தொடங்கிய கேரள அரசின் ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றப்பட்டபோது, மனச்சோர்வைக் கண்டறிய ஆஸ்வாசம் என்ற பிரிவும் அங்கே வந்தது. சர்க்கரைக்கு ரத்தம் எடுத்த அன்றே அம்மாவிடம் தூக்கம், பசி, வாழ்வில் பிடிப்பு ஆகியவை பற்றியும் சில கேள்விகள் கேட்கப்பட்டன. இது துக்கம், நோய் அல்ல, இதற்கு இப்போது மாத்திரை வேண்டாம், ஆனால் மாதம் ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போகட்டும் என்று மருத்துவர் முடிவு செய்தார். மாத்திரை கொடுக்காமல் விடுவதற்கும் ஒரு மருத்துவருக்குத் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவுக்காக அவருக்குத் தனியே நன்றி சொல்கிறோம்.

தம்பியின் நிலை வேறு. அவனுக்கு மாதங்கள் கழிந்தும் தூக்கம் வரவில்லை. வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டான். ஆறு மாதங்களைத் தாண்டியும் ஏக்கமும் வேதனையும் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கினால், அதை நீடித்த துக்கம் என்ற தனிக் கோளாறாகக் கருதி உதவ வேண்டும் என்று 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு கூறுவதை சிஸ்டரே எங்களுக்கு விளக்கினார். அவன் இருப்பது வேறு மாநிலம் என்று அவர் ஒதுங்கவில்லை. தமிழில் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அவனுக்குக் கொடுத்தார். அவன் ஊர்க் கிராம சுகாதார செவிலியரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட நாள் முதல் ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தன்னார்வலர்கள் அங்கே உண்டு. தம்பியின் மாமியாருக்கு மாத்திரை தரும் அந்தச் சகோதரி, அதன்பின் ஒவ்வொரு முறையும் தம்பியையும் விசாரித்து, அவனை மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லும்படி அவன் மனைவியைத் தூண்டி, மறு வருகையில் போனானா என்று கேட்கவும் செய்தார். இப்போது அவன் வேலைக்குப் போகிறான்.

காகித வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை 21 நாள்களுக்குள், அது நிகழ்ந்த இடத்தில் பதிய வேண்டும். கோவைக் கோப்பில் அப்பாவின் பெயர் ஒருவிதமாகவும், ஆதாரில் வீட்டுப் பெயரோடு வேறு விதமாகவும் இருந்ததைப் பஞ்சாயத்து அலுவலகத்து ஊழியர் பதிவுக்கு முன்பே கவனித்துச் சொன்னதால், பின்னாளில் விதவை ஓய்வூதியத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் நாங்கள் அலைய நேரவில்லை.

இத்தனையும் சொன்னபின் ஒரு வேண்டுகோளையும் வைக்க வேண்டியிருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய வலி நிவாரணப் பணி, ஊர்மக்களின் கையால் வளர்ந்து, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. அதனால்தான் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு ஜீப் வந்தது. ஆனால் எங்கள் தெருவிலேயே, சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளை எந்தக் குறிப்பேட்டிலும் நோயாளியாகப் பதிவாகியிருக்கவில்லை. ஆகவே அவனுடைய தாயின் பெயரும் எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்களை விசாரிக்க வந்த சிஸ்டர் தாமாக அந்த வீட்டுக்கும் போனார். ஒருவரின் நல்ல மனம் அந்த இடைவெளியை இட்டு நிரப்பியது. அவருக்கு இடமாற்றம் வந்தால் என்ன ஆகும் என்ற கவலை எங்களுக்கு உண்டு.

ஆகவே, ஓர் இறப்பு நேர்ந்தால் குடும்பத்தின் சம்மதத்தோடு அவருக்கு வைத்தியம் பார்த்த எல்லா இடங்களுக்கும் ஒரே அறிவிப்பு போக வேண்டும். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் அந்த வீட்டை விசாரிக்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று பஞ்சாயத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் குடும்பத்தார் ஒரு முறையாவது கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள செவிலியர்களின் எண்கள் ஒருவரிடம் ஒருவருக்கு இருக்க வேண்டும் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். பெரும்பாலான வீடுகளுக்கு உற்றார் உறவினரின் துணையும் ஒரு விசாரிப்புமே போதும். சிலருக்குத்தான் மருத்துவ உதவி தேவைப்படும். அந்தச் சிலர் யார் என்று தெரிய, எல்லா வீட்டுக்கும் ஒரு முறையாவது போயாக வேண்டும். பெரிய செலவு பிடிக்கும் காரியமாக இது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஜீப் ஓட்டுநர் அண்ணனை மறந்துவிடவில்லை. அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்ததும், பின்னாளில் அந்தக் கட்டிலை அம்மாவின் கண்ணில் படாமல் பின்கட்டு வழியாக எடுத்துச் சென்றதும் அவர்தான். நானும் இந்த மாதம் முதல் பாலியேட்டிவ் பிரிவில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். துக்கம் நடந்த வீடுகளுக்குச் சிஸ்டரோடு போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பத்தின் மலையாளப் படியைப் பஞ்சாயத்துத் தலைவரிடமும், தமிழ்ப் படியைப் பொள்ளாச்சிப் பக்கத்து வட்டார மருத்துவ அலுவலரிடமும் கொடுக்கவிருக்கிறோம். எங்களைப் போலவே ஒருவரை இழந்தவர்கள் அதில் கையொப்பமிட விரும்பினால், எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் எங்கள் வீட்டுக்கு வரலாம், அம்மா இருப்பார்.

என்றும் நன்றியுடன்,
மறைந்த பெரியவரின் மனைவி, மகள், மகன் மற்றும் குடும்பத்தார்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்