நேரத்தை அவர்களிடம் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

அக்டோபர் 11, சர்வதேச பெண் குழந்தைகள் தினத்தையொட்டித் தாங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். ஐ.நா. பொதுச்சபை 2011-இல் அறிவித்து, 2012 முதல் கடைப்பிடிக்கப்படும் நாள் இது. இளம்பெண்களுக்குப் பயிற்சி தரும் தொண்டு நிறுவனங்களை அதில் பாராட்டியது மகிழ்ச்சி. ஆனால் எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள் என்பதை மட்டும் அவற்றின் வெற்றியாகத் தாங்கள் சொல்வது சரியல்ல. பாதியில் நின்றவர்கள் யார், ஏன் நின்றார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இளம்பெண்களுக்கான ஒரு நிறுவனத்தில் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். எங்கள் மாலை நேரக் கணினி வகுப்பில் பாதிப் பேர் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டார்கள். ஆர்வமில்லை என்று அறிக்கையில் எழுதினோம். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அப்புறம் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கேட்டபோதுதான், இருட்டிய பிறகு தனியாக வீடு திரும்பப் பயம் என்று தெரிந்தது. வகுப்பைக் காலைக்கு மாற்றினோம். பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். செலவு ஒன்றும் கூடவில்லை. இப்படிப்பட்ட தவறு நேராதிருக்க, திட்டம் வகுக்கும் குழுவில், அதே பயிற்சியை முடித்த பெண்கள் இருவராவது வாக்குரிமையோடு இருக்க வேண்டும் என்று நிதி தருவோர் நிபந்தனை வைக்கலாம்.

– ஒரு வாசகி