டயாலிசிஸ் பிரிவுத் தம்பிக்கும் உடன் நின்ற அனைவருக்கும் நன்றி

டயாலிசிஸ் சிகிச்சையில் இருக்கும்போது புத்தி தடுமாறிப்போன அப்பா, மீண்டும் எங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிட்டார் என்பதை, ஓயாமல் விசாரித்துக்கொண்டிருந்த உங்கள் அனைவருக்கும் முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும்; அதை மீண்டும் எழுத எனக்குத் தெம்பில்லை.

நள்ளிரவில் வியாசர்பாடியிலிருந்து ஆட்டோ எடுத்து வந்த அண்ணன், காப்பீட்டு அட்டைக்காக அலைந்த மாமா, அம்மாவுக்கு வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பிய மாடிவீட்டு அக்கா, இரவென்றும் பாராமல் கவனித்த செவிலியர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவர் டயாலிசிஸ் டெக்னீஷியன். பெயர் வேண்டாம் என்றதால் தம்பி என்றே எழுதுகிறேன். சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் புத்தி தடுமாறினால் இரத்தத்தில் யூரியா என்னும் கழிவு ஏறிவிட்டது என்று எண்ணுவதே வழக்கம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். தம்பியோ, யூரியா இறங்கிய பிறகும் அப்பாவின் கண்மணி ஏன் நிலைகொள்ளாமல் ஆடுகிறது என்று கவலைப்பட்டார். "அம்மா, ஐயா என்ன சாப்பிடுறாரு?" என்று கேட்டார். வாரக்கணக்கில் பச்சரிசிக் கஞ்சிதான், அதிலும் பாதி வாந்தியாகிவிடுகிறது, பொட்டாசியத்தைக் குறைப்பதற்காகக் காயை வேகவைத்து நீரை வடித்துவிடுகிறோம் என்றார் அம்மா. அதை எடைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு, பணி நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், நரம்பியல் மருத்துவர் வரும்வரை காத்திருந்து கையில் கொடுத்தார்.

தயமின் என்னும் பி1 வைட்டமின் நீரில் கரைவது. வடித்த நீரோடும் போகும், டயாலிசிஸிலும் போகும். அது வற்றிப்போனால் வருவது, 1881இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த மூளை நோய். குழப்பம், கண் அசைவுக் கோளாறு, நடைத் தள்ளாட்டம் ஆகிய மூன்றும் எல்லோரிடமும் ஒருசேரத் தெரிவதில்லை, எம்.ஆர்.ஐ. படத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். ஆகவே மருத்துவர் எந்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திராமல், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமினை நரம்பு ஊசியாகப் போடச் சொன்னார். மறுநாளே கண்ணாட்டம் தணிந்தது. நடை இன்னும் தள்ளாடுகிறது. நினைவு முழுவதும் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனாலும் அப்பா எங்களோடு இருக்கிறார்.

டயாலிசிஸ் கூடத்துக்கு வெளியே காத்திருக்கும் குடும்பங்களிடம், சாப்பாடு குறைந்தாலோ வாந்தி நீடித்தாலோ பி1 பற்றி மருத்துவரிடம் கேளுங்கள் என்று இனி சொல்லிக்கொண்டே இருப்பேன். தம்பி, அந்தச் சீட்டை மருத்துவரிடம் கேட்டு வாங்கி அப்பாவின் கோப்பில் வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
மூத்த மகள், பெரம்பூர், சென்னை