ராமானுஜனுக்குப் புத்தகம் கொடுத்த நூலகம் ஊருக்கும் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணம் அரசினர் கலைக் கல்லூரியைப் பற்றி யார் எழுதினாலும் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று ஆரம்பித்து 'ராமானுஜன் படித்த கல்லூரி' என்று முடித்துவிடுகிறார்கள். உங்கள் பத்திரிகையும் இதற்கு விலக்கில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்தார்தான், ஆனால் எப்படிப் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டாமா? 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறு பாடத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் இருந்து, ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு, உதவித்தொகையும் போய், 1905-இல் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். மாணவராக அவரைக் கல்லூரியால் வைத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரி அவருக்குச் செய்த பெரிய உபகாரம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1903-இல், அவர் டவுன் ஹைஸ்கூல் மாணவராக இருந்தபோது, நண்பர் ஒருவர் இந்தக் கல்லூரி நூலகத்திலிருந்து ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகத்தை வாங்கிவந்து கொடுத்தார். கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்த ஒரு டியூஷன் வாத்தியாரின் தொகுப்பு அது. சுமார் 5,000 சூத்திரங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் இருந்தால் ஓரிரு வரி, பல இடங்களில் அதுவும் கிடையாது. இன்றைக்கு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு விற்கிற நோட்ஸ் மாதிரிதான். அந்த நிரூபணங்களைத் தானே போட்டுப் பார்க்கப் போய்த்தான் அந்தப் பையன் ராமானுஜன் ஆனார். கல்லூரியில் பெயரே இல்லாத ஒரு பள்ளிப் பையனின் கைக்கு அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்ததே, நாம் கொண்டாட வேண்டியது அதைத்தான்.

பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா. கதையும் இப்படித்தான். இந்தக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றதும், அவர் இடத்துக்கு 1880-இல் தமிழ்ப் பண்டிதராக வந்தார். அதே வருஷம் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் ராமசுவாமி முதலியார்தான், அந்தாதி, கலம்பகம், உலா எல்லாம் படித்தது சரி, சிந்தாமணி படித்தீரா என்று கேட்டு உ.வே.சா.வைப் பழைய காப்பியங்கள் பக்கம் திருப்பிவிட்டவர். அந்தப் பேச்சு நடந்தது முன்சீப் வீட்டில், வகுப்பறையில் இல்லை. அப்புறம் சமண சமயக் கருத்துகளில் சந்தேகம் வந்தபோது கல்லூரி ஆசிரியராகிய அவர் ஊரில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்ததில் இந்த ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஊரும் சும்மா இருக்கவில்லை, கல்லூரியை வளர்த்த போர்ட்டர் பெயரில் டவுன் ஹாலும் கோபால ராவ் பெயரில் நூலகமும் வைத்தது.

இப்போது நிலைமை என்ன? அரசுக் கல்லூரி நூலகம் என்றால் அங்கே படிக்கிறவர்களுக்கும் பாடம் நடத்துகிறவர்களுக்கும் மட்டும் என்பதுதான் பொதுவான நடைமுறை. குரூப் 4-க்கும் போலீஸ் வேலைக்கும் படிக்கிற பிள்ளைகளைக் காவிரிப் படித்துறைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பார்க்கலாம், மடியில் ஒரு கைடு, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்து உட்காருவார்கள். பிளஸ் டூ பையனுக்குப் பாடப் புத்தகத்தைத் தாண்டி ஒரு கணக்குப் புத்தகம் வேண்டுமென்றால் எங்கே போவான்? அரசு இன்றைக்குக் கல்லூரிக்குள் வருகிறவர்களுக்கு நிறையவே செய்கிறது, 2022 முதல் புதுமைப் பெண், 2024 முதல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தருகிறது, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படிக்க வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது மதிலுக்கு வெளியே நிற்கிறவர்களைப் பற்றி.

புத்தகம் திரும்பி வராது, கிழித்துவிடுவார்கள், யார் பொறுப்பு என்பார்கள். நியாயமான பயம்தான். பாடம் நடத்தவே பல அரசுக் கல்லூரிகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடுகிற காலத்தில், மாலையில் நூலகத்தைத் திறந்து வைக்க ஆள் யார் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் சுலபமான பதில் இல்லை, உயர்கல்வித் துறைதான் பணியிடம் தர வேண்டும். பணம் கொஞ்சம் குறைந்தால் ஊர் வணிகர்களும் பழைய மாணவர்களும் போடட்டுமே. ஒவ்வொரு வருஷமும் ராமானுஜன் பெயரில் பேனரும் மேடையும் போட ஆகிற செலவில் ஒரு பகுதி வந்தாலே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். முதலில் மாலை 5 மணி முதல் 8 மணி வரை, உட்கார்ந்து படிக்க மட்டும் விடட்டும். பள்ளிப் பிள்ளை என்றால் தலைமை ஆசிரியர் கையெழுத்து, மற்றவர்களுக்கு ஆதார் நகலும் ஒரு சிறு வைப்புத்தொகையும் போதும். வீட்டுக்கு எடுத்துப்போவதை ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இதைக் கும்பகோணத்தோடு நிறுத்தவும் வேண்டாம், எந்த ஊர் அரசுக் கல்லூரி முதலில் முன்வருகிறதோ அங்கே தொடங்கட்டும், எங்கள் ஊர் என்றால் புத்தகம் அடுக்க நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்